பொத்தான் வாசிக்கிறதா, நாம் வாசிக்கிறோமா?

சென்ற ஆண்டு விழாவில் நம் பள்ளி அரங்கில் நடந்த இசை நிகழ்ச்சியைக் கண்டவர்கள் அதை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். மேடையில் வரிசையாக ஏழு மின்னணு இசைப்பலகைகள். அவற்றின் பின்னே தூய வெள்ளைச் சீருடையில் ஏழு மாணவியர். பக்கத்தில் பாடற்குழுவினர் பன்னிருவர். நடுவில் நின்ற மாணவி ஒரு பொத்தானை அழுத்தினாள். அவ்வளவுதான்! முரசு முழங்கிற்று, கிதார் ஒலித்தது, வயலின் கூட்டம் ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது. பெற்றோர்களின் கைதட்டல் கூரையைத் தொட்டது. முன்வரிசையில் அமர்ந்திருந்த தந்தை ஒருவர் எழுந்து நின்று கைப்பேசியில் படம் பிடித்தார்.

இரண்டாம் சரணத்தின் நடுவில் மின்சாரம் நின்றது.

ஜெனரேட்டர் இயங்கி விளக்குகள் எரிய ஒரு நிமிடத்திற்கு மேலாயிற்று. அந்த இருட்டிலும் நம் பாடற்குழுவினர் பாட்டை நிறுத்தவில்லை. அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் வெளிச்சம் வந்தபோது வந்தது வினை. மின்சாரம் போய்த் திரும்பினால் இக்கருவிகளில் பெரும்பாலானவை தாம் கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்கே போய்விடும். தாளம் இல்லை. தேர்ந்தெடுத்து வைத்த புல்லாங்குழல் ஒலி இல்லை. எல்லாவற்றையும்விட, 'டிரான்ஸ்போஸ்' என்னும் சுருதி மாற்றும் பொத்தானால் நாங்கள் வைத்திருந்த 'மைனஸ் நான்கு' என்ற கணக்கும் இல்லை. பாடுகிறவர்கள் ஐந்தரைக் கட்டையில் பாடிக்கொண்டிருக்க, ஏழு கருவிகளும் ஒரு கட்டைச் சுருதியில் ஒரே குரலாகக் கிளம்பின. பாட்டு ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம். அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஏழு பேரும் கைகளை எடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றனர். திரைக்குப் பின்னால் வந்ததும், ஓரத்தில் நின்ற எட்டாம் வகுப்புச் சிறுமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

அன்று எல்லோரும் மின்சாரத்தின்மேல் பழியைப் போட்டனர். நானும் போட்டேன். ஆனால் பழி என்னுடையது. ஆறு வாரத்தில் அவ்வெழுவரையும் 'தயார்' செய்து மேடையேற்றியவள் நானே. கணக்கு ஆசிரியைக்கு இசைப்பலகை எதற்கு என்று கேட்பீர்கள். கருவியோடு வந்த கையேட்டைப் படித்து எந்தப் பொத்தான் எதைச் செய்யும் என்று கண்டுபிடிக்க என்னால் முடிந்தது. ஆகவே அப்பொறுப்பு என் தலையில் விழுந்தது. பொத்தான்களை நான் அறிவேன். இசையை அறியேன். கட்டைகளின்மேல் எண் எழுதிய காகிதங்களை ஒட்டி, "ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து, எட்டு" என்று ஏழு சிறுமியரையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். அவர்கள் கற்றது ஓர் எண் வரிசை. அந்த எண் வரிசைக்கு இசை வேடம் போட்டது கருவி. மின்சாரம் போனதும் வேடம் கலைந்தது.

விழா முடிந்த மறு வாரம், நம் பாட்டு ஆசிரியையிடம் நானே மாணவியாய்ச் சேர்ந்தேன். அதன் பயனாய் என் மனத்தில் ஊன்றிய கருத்தொன்றையே இம்மலரில் எழுத விரும்புகிறேன். மாணவியர் மட்டுமல்ல, கருவி வாங்கித் தரும் பெற்றோரும், வகுப்பு நடத்தும் நாங்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய கருத்து அது. மின்னணு இசைப்பலகையைக் கற்பவள், அது தானாகச் செய்வதையெல்லாம் முதலில் நிறுத்திவிட்டுக் கற்க வேண்டும். அப்படிக் கற்பதற்குத் தேவையான அன்றாடப் பயிற்சி நேரத்தை நாம் அவளுக்குத் தர வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இசைப்பலகை வகுப்பு ஏமாற்று வித்தை. கடுமையான சொல்தான். அந்த வித்தையைச் செய்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

இக்கருவி வந்த வரலாற்றைச் சிறிது காண்போம். ஜப்பானில் கணக்குப் பொறிகள் செய்து புகழ் பெற்ற கேசியோ நிறுவனம் 1980-ஆம் ஆண்டு ஜனவரியில் 'கேசியோடோன் 201' என்னும் தன் முதல் இசைப்பலகையை வெளியிட்டது. நாற்பத்தொன்பது கட்டைகள், இருபத்தொன்பது ஒலிகள். அந்நிறுவனத்தை நடத்திய உடன்பிறந்தார் நால்வரில் ஒருவரான தோஷியோ காஷியோவின் கனவு அது. இசைக்கருவியை வாசிக்கும் இன்பம் பயிற்சி பெற்ற சிலருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் கிட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். நல்ல விருப்பம்தானே! பியானோ வாங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? வாங்கினாலும் நம் ஊர்ப் புழுக்கத்திலும் பூச்சியிலும் அதைக் காப்பாற்றுவது எளிதா? இசைப்பலகைக்குச் சுருதி கலைவதில்லை. கறையான் அதன் உள்ளே குடியேறுவதில்லை. தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். காதுக்குழாய் மாட்டிக்கொண்டால் விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளின் உறக்கமும் கெடாது. இவ்வளவு நன்மைகள் உடைய கருவியை நான் குறை கூறவில்லை.

அதிலுள்ள தாளப் பொத்தான்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. பெண்கள் பள்ளியில் சொல்லத் தகுந்த செய்தி. 1980-இல் கேசியோ நிறுவனத்தில் ஹிரோகோ ஒகுடா என்னும் இளம்பெண் வேலைக்குச் சேர்ந்தார். இசைக் கல்லூரியில் படித்தவர். ஜமைக்கா நாட்டின் ரெகே இசையைப் பற்றிப் பட்டப்படிப்புக்காக ஆய்வுக் கட்டுரை எழுதியவர். 1981-இல் வெளியான 'எம்.டி. 40' என்னும் சிறிய இசைப்பலகைக்குத் தாளக்கட்டுகளை அமைக்கும் பணி அவரிடம் வந்தது. அவற்றில் 'ராக்' என்று பெயரிட்ட ஒன்றை, நான்கு ஆண்டுகள் கழித்து, ஜமைக்காவில் சிலர் அப்படியே அடித்தளமாக வைத்து 1985-இல் ஒரு பாடலை வெளியிட்டனர். அந்நாட்டின் இசைப் போக்கே அதனால் மாறியது. அதே தாளக்கட்டின்மேல் பின்னர் நூற்றுக்கணக்கான பாடல்கள் எழுந்தன. கடல்களுக்கு அப்பால் ஒரு பெண் அமைத்த சில நொடித் துணுக்கு எங்கெல்லாம் போயிற்று, பாருங்கள்!

இதை நான் சொல்வது, பொத்தானின் பெருமையைக் கூற அல்ல. நாம் அழுத்துகிற ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் யாரோ ஒருவரின் பல ஆண்டுக் கல்வி அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அது ஒகுடாவின் கல்வி. என் மாணவியின் கல்வி அன்று. அந்தத் தாளம் முழங்கும்போது அரங்கம் கைதட்டுவது உண்மையில் யாருக்கு? நம் ஏழு பேருக்குமா?

'ஒரு விரல் கார்டு' என்றொரு வசதியும் உண்டு. 'கார்டு' என்பது மூன்று நான்கு சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் மேலைநாட்டுச் சுரக்கூட்டு. அதை வாசிக்க இடக்கையின் மூன்று விரல்கள் மூன்று கட்டைகளில் ஒரே கணத்தில் இறங்க வேண்டும். ஆனால் இந்த வசதியை இயக்கிவிட்டால் ஒரு விரலால் ஒரு கட்டையைத் தொட்டால் போதும். மீதிச் சுரங்களைக் கருவியே சேர்த்து, தாளத்திற்கேற்ப உடைத்து உடைத்து வாசித்துவிடும். கேட்பதற்கு இனிமைதான். மூன்று ஆண்டுகள் அப்படி வாசித்த மாணவியை எனக்குத் தெரியும். பாவம், இடக்கையில் அவளுக்கு இன்றும் ஒரு விரல்தான் இருக்கிறது!

இனி, நான் கற்ற கதையைச் சிறிது சொல்கிறேன். முதல் நாள் பாட்டு ஆசிரியை செய்த முதற்காரியம், கட்டைகளின்மேல் நான் ஒட்டியிருந்த எண் காகிதங்களை ஈரத்துணியால் துடைத்து எடுத்ததுதான். "கறுப்புக் கட்டைகளைப் பாருங்கள், டீச்சர். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கிறதல்லவா? இரண்டு நிற்கும் கூட்டத்துக்கு இடப்பக்கத்து வெள்ளைக் கட்டைதான் ஒரு கட்டைச் சுருதியின் சட்ஜம். கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கண்டுபிடியுங்கள்" என்றார். பார்வையற்ற கலைஞர்கள் அறுபத்தொரு கட்டைகளிலும் வழி தவறாமல் போவது இந்த இரண்டு மூன்று கணக்கினால்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கணக்கு ஆசிரியை கண்முன்னே கிடந்த ஒரு கணக்கைக் காணாமல் அதன்மேல் காகிதம் ஒட்டியிருக்கிறாள்!

அடுத்து விரல்கள். கட்டைவிரலுக்கு எண் ஒன்று, சுண்டுவிரலுக்கு ஐந்து. வலக்கையால் ச ரி க வாசித்தபின், கையைத் தூக்காமல் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியே நுழைத்து மத்திமத்தைத் தொட வேண்டும். பிறகு மீதி நான்கு விரல்களும் வரிசையாக மேல் சட்ஜம் வரை போகும். ஐந்து விரல்களால் எட்டுச் சுரங்களை இடைவெளியின்றி வாசிக்கும் இரகசியம் அந்த நுழைதலில் இருக்கிறது. கட்டைவிரலுக்கு இம்மரியாதை எப்போதும் இருந்ததில்லையாம். ஜெர்மானிய இசைமேதை பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல் பாக், 1753-இல் வெளியிட்ட தம் நூலில், தம் தந்தையார் இளமையில் கண்ட பெரிய வித்துவான்கள்கூட மிக அகன்ற இடைவெளிகளுக்கு அன்றிக் கட்டைவிரலைப் பயன்படுத்தவில்லை என்று எழுதியிருக்கிறார். அப்படிச் சும்மா கிடந்த விரலை வேலைக்கு அழைத்ததனால் வாசிப்பே மாறிற்று. எனக்கோ அந்த நுழைதல் சரியாக வருவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. மத்திமம் மட்டும் மற்றச் சுரங்களைவிட உரக்க 'டொக்'கென்று விழும். அடுப்பில் பால் வைத்துவிட்டுச் சமையலறை மேடையில் நான் விரல் போடுவதைக் கண்டு வீட்டில் சிரித்தார்கள்.

அது ஏன் உரக்க விழுந்தது என்பதிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. தொடு உணர்வுள்ள இசைப்பலகைக்கு நாம் கொடுக்கும் பலம் தெரியாது, வேகந்தான் தெரியும். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு மின்தொடுகைகள் இருக்கின்றன. கட்டை இறங்கும்போது ஒன்று முன்னும் மற்றது பின்னும் இணையும். அவ்விரண்டுக்கும் இடையே கழிந்த மிகச் சிறு நேரத்தை அளந்து, நேரம் குறைந்தால் ஒலியைக் கூட்டியும் நேரம் மிகுந்தால் குறைத்தும் கருவி தருகிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் என்று ஏழாம் வகுப்பில் நான் கற்பிப்பதைத்தான் அது நொடிக்கு நொடி செய்துகொண்டிருக்கிறது. இதை அறிந்தபின், மெல்ல வாசிப்பதற்குப் பயந்து பயந்து தொடுவதை விட்டுவிட்டு, நிதானமாக இறக்கக் கற்றேன்.

இடக்கையைப் பற்றி என்ன சொல்வேன்! வலக்கை ஒரு வழியாகப் பழகியபின் இரண்டையும் சேர்த்தபோது, இரண்டும் ஒன்றையொன்று அறியாத அயலார் போல நடந்துகொண்டன. ஒரு வரியை நாற்பது முறை வாசித்தேன். நாற்பத்தோராம் முறையும் அதே இடத்தில் இடறியது. பாட்டு ஆசிரியை அப்போது ஒன்று சொன்னார்: "நீங்கள் நாற்பது முறையும் தவற்றையே பழகியிருக்கிறீர்கள். தவறு வராத அளவுக்கு வேகத்தைக் குறைத்து வாசியுங்கள்." கருவியில் தாளப் பொத்தான்களை எல்லாம் விலக்கிவிட்டு, 'டக், டக்' என்று எண்ணிக்கை மட்டும் சொல்லும் மெட்ரனோமை நிமிடத்திற்கு ஐம்பதாக வைத்தார். நத்தையின் நடை. ஆனால் அந்த வேகத்தில் தவறு வரவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டிரண்டாகக் கூட்டினோம். அந்த எண்ணிக்கை ஒன்றை மட்டும் கருவி நமக்குச் செய்து தரலாம் என்பது என் எண்ணம். ஏனெனில் அது நம் தவற்றை மூடி மறைப்பதில்லை, காட்டிக்கொடுக்கிறது.

இப்போது அந்த டிரான்ஸ்போஸ் பொத்தானுக்கு வருகிறேன். என் மாணவியரைத் தலைகுனிய வைத்தது அதுவே ஆகையால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் பாடுகிறவர்கள் சுருதியைக் 'கட்டை' என்று சொல்வது ஆர்மோனியத்தின் கட்டைகளை வைத்துத்தான். ஒரு கட்டை என்பது மேலைநாட்டார் 'சி' என்று அழைக்கும் வெள்ளைக் கட்டை. ஒன்றரை அதற்கு அடுத்த கறுப்பு. இரண்டு, அடுத்த வெள்ளை. இப்படியே ஏறினால் ஐந்து 'ஜி'. ஐந்தரை அதற்கு அடுத்த கறுப்பு. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டில் பாடுவார்கள். பெண் குரல்கள் பல ஐந்து, ஐந்தரை, ஆறில் அமையும். ஆனால் வாசிக்கக் கற்பவள் எப்போதும் ஒரு கட்டையில் தொடங்குகிறாள். ஏனென்றால் அங்கே சங்கராபரணத்தின் எல்லாச் சுரங்களும் வெள்ளைக் கட்டைகளிலேயே விழுகின்றன. ஒரு கறுப்பைக்கூடத் தொட வேண்டியதில்லை. அதே சங்கராபரணத்தை ஐந்தரையில் வாசித்துப் பாருங்கள்: கறுப்பு, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, கறுப்பு, வெள்ளை, வெள்ளை என்று விரல்கள் மேடும் பள்ளமும் ஏறி இறங்க வேண்டும். கர்நாடக இசையின் முதற்பாடமாகிய மாயாமாளவகௌளை ஒரு கட்டையில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, வெள்ளை, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ஐந்தரையில் கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு, கறுப்பு, வெள்ளை, வெள்ளை. முற்றிலும் வேறு பாதை.

இந்தத் தொல்லையைத்தான் பொத்தான் நீக்குகிறது. விரல்கள் ஒரு கட்டையின் வெள்ளைப் பாதையிலேயே நடக்கும். ஒலி மட்டும் ஐந்தரையில் வரும். பெரிய கலைஞர்களும் அவசரத்திற்கு இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. பாடகருக்குத் தொண்டை கட்டி அரைக் கட்டை இறக்க வேண்டிய நேரத்தில் அது கைகொடுக்கும். எல்லாப் பாதைகளிலும் நடந்து பழகியவர்கள் ஒருநாள் வண்டியில் ஏறுவதில் குற்றமில்லை. நடக்கவே கற்காத குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிவிட்டு "என் மகள் ஓடுகிறாள்" என்று சொல்வதுதான் குற்றம். நான் சொன்னேன்.

சுருதி மாற்றம் இக்கருவியில் இவ்வளவு எளிதாக இருப்பதற்குக் காரணம் ஒரு கணக்கு. 'ஏ' என்னும் கட்டை நொடிக்கு 440 அதிர்வுகள். அதற்கு மேல் ஸ்தாயியின் 'ஏ' 880. இடையில் பன்னிரண்டு சம படிகள். ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்கு பெருகுகிறது. பன்னிரண்டு முறை பெருக்கினால் இரண்டு. படிகள் எல்லாம் சமமாக இருப்பதனால் எங்கே தொடங்கினாலும் ஏணி ஒன்றே. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. இயற்கையான பஞ்சமம் 1.5 மடங்கு, இந்த ஏணியில் 1.4983. இது செவிக்குப் பெரிதாகத் தெரியாது. காந்தாரமோ 1.25-க்குப் பதிலாக 1.26 அளவில் நிற்கிறது. தம்பூராவின் அருகில் வைத்துக் கேட்டால் சற்றே ஏறியிருப்பது தெரியும். பத்தாம் வகுப்பு மாணவியர் இந்தப் பெருக்கலை வீட்டில் செய்து பார்க்கலாம். மதிப்பெண் கிடையாது.

"கட்டை வைத்த கருவியில் நம் இராகங்களின் கமகம் வருமா? இதை ஏன் கற்பிக்கிறீர்கள்?" என்று கேட்போர் உண்டு. பழைய கேள்விதான். இந்தக் குறையைக் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது; 1971 வரை அத்தடை நீடித்தது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வழுக்கிச் செல்லக் கட்டைகளில் வழியில்லை என்பது உண்மையே. இன்றைய இசைப்பலகைகள் பலவற்றில் இடப்பக்கம் சுருதியை வளைக்கும் சிறு சக்கரம் ஒன்று இருக்கிறது. அதை இடக்கையால் அசைத்து அசைத்து, கர்நாடகக் கீர்த்தனைகளை முழுக் கச்சேரியாகவே வாசிக்கும் கலைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பொத்தானையும் நம்பி அமர்வதில்லை. பாடக் கற்றுவிட்டு, பாடுவதைக் கையில் கொண்டுவருகிறார்கள். எனவே கமகம் வருமா என்பதற்கு என் பதில்: கருவியில் வராது, கற்றவளிடம் வரும்.

"சிறு பிள்ளைகளுக்கு முதலிலேயே இப்படிக் கடுமையாகச் சொன்னால் ஓடிவிட மாட்டார்களா? தாளமும் முழக்கமும் அல்லவா அவர்களை இழுக்கின்றன?" என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். இக்கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. விளையாடட்டும். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தி மகிழட்டும். நாய் குரைக்கும் ஒலிகூட ஒன்று இருக்கிறது, ஆறாம் வகுப்புக்கு அதுவே பெரும் சொத்து. ஆனால் விளையாட்டை விளையாட்டென்று சொல்லித் தருவோம். மேடையேற்றும் வாசிப்பு மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும்; இரண்டு வரியானாலும் சரியே. டிரினிட்டி நிறுவனம் நடத்தும் மின்னணு இசைப்பலகைத் தேர்வுகளில்கூட, தானியங்கித் துணையிசைக்கு இடம் உண்டெனினும், சுரவரிசைகளையும் செவித்திறனையும் குறிப்பைக் கண்டு வாசிப்பதையும் சோதிக்கும் பகுதிகள் இருக்கின்றன. சான்றிதழுக்காகச் சேரும் பிள்ளைகள் அந்தப் பகுதிகளில்தான் திணறுகிறார்கள்.

நான் வாதாட வந்த மற்றப் பாதி, நேரம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் அன்புடன் வாங்கித் தந்த ஏழு கருவிகளும் இப்போது எங்கே இருக்கின்றன? இசை அறையின் இரும்பு அலமாரியில், சிவப்பு வெல்வெட் உறைகளுக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால். வாரத்தில் ஒரு பாடவேளை வெளியே வருகின்றன. இருபத்தைந்து மாணவியர் ஏழு கருவிகளைச் சூழ்ந்து நிற்கிறார்கள். ஒருத்தி தொடுவதற்குள் மணி அடிக்கிறது. வீட்டில் கருவி உள்ளவள் மறு வாரம் ஏதோ வாசித்துக் காட்டுகிறாள். இல்லாதவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாரத்திற்கு நான்கு நிமிடத்தில் எந்த விரல் பழகும்? அதனால்தான் பொத்தானைத் தேடுகிறோம். நேரம் கொடுக்காத குற்றத்தை மறைக்கப் பொத்தானைப் போல உதவுவது வேறொன்றுமில்லை.

மதிய இடைவேளை நாற்பது நிமிடம். அதை இருபது இருபதாகப் பிரித்தால் நாளொன்றுக்குப் பதினான்கு பேர். வாரத்திற்கு ஐந்து நாள் எழுபது முறை. ஒவ்வொருத்திக்கும் வாரத்தில் மூன்று முறை என்றால் இருபத்து மூன்று பேருக்கு இடமிருக்கிறது. மீதி இரண்டு பேருக்கு மாலையில் நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன். காதுக்குழாய்கள் ஏழு வாங்கினால் பக்கத்து அறையில் பாடம் படிப்பவர்களுக்கும் இடையூறில்லை.

"பிள்ளைகள் தொட்டால் பழுதாகிவிடும்" என்பார்கள். ஆகட்டுமே! கட்டைகளின் அடியில் உள்ள ரப்பர்ப் பட்டைகளில் தூசு சேர்ந்தால் சில கட்டைகள் ஒலிக்காமல் போகும். பிரித்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொடாமல் வைத்திருந்தால் பழுதாகாது என்பதும் பிழை. உள்ளே போட்டு மறந்த பாட்டரிகள் கசிந்து தகடுகளை அரித்துவிடும். நம் இசை அறை மூலையில் இருக்கும் பழைய கால் ஆர்மோனியத்தைப் பாருங்கள். யாரும் வாசித்து அது கெடவில்லை. யாரும் வாசிக்காமல் துருத்தியின் தோல் காய்ந்து வெடித்து, காற்றுப் பிடிக்காமல் ஊமையாகிவிட்டது.

அன்று சுவர்ப் பக்கம் திரும்பி அழுத சிறுமி இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் வீட்டில் இசைப்பலகை கிடையாது. விழாவுக்குப் பின் ஒரு நாள் என்னிடம் வந்து, "மிஸ், ஒரு கட்டையோட அகலம் என்ன?" என்று கேட்டாள். அளந்து சொன்னேன்: இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 2.35. மறு வாரம் ஒரு சார்ட் அட்டையைச் சுருட்டி எடுத்து வந்தாள். மூன்று ஸ்தாயிகள், இருபத்திரண்டு வெள்ளைக் கட்டைகள், பதினைந்து கறுப்பு. அடிமட்டத்தால் நான் சரிபார்த்தேன், மொத்தம் 51.7 சென்டிமீட்டர். கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. கறுப்புக் கட்டைகளைத் தீப்பெட்டி அட்டையால் மேடாக ஒட்டியிருந்தாள். மாலையில் வீட்டுத் திண்ணையில் அதை விரித்து வைத்துக்கொண்டு, வாயால் சுரம் சொல்லி, ஐந்தரைக் கட்டையின் பாதையை அதில் நடந்து பார்த்திருக்கிறாள்.

"விரல் போகுது மிஸ். ஆனா தப்பா போட்டாலும் அட்டை ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்றாள்.

அன்றிலிருந்து மதிய இடைவேளையில் அலமாரியைத் திறந்து அவளுக்கு ஒரு கருவியை எடுத்துக் கொடுத்து வருகிறேன். வேறு மூவர் சேர்ந்துகொண்டார்கள். நான் ஐந்தாவது. இம்மாதத் தொடக்கத்தில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவள் வாசித்தாள். பாடற்குழு ஐந்தரையில் பாடியது. கருவியின் திரையில் டிரான்ஸ்போஸ் எண் சுழியம். தாளம் இல்லை, வயலின் கூட்டம் இல்லை. வெறும் பியானோ ஒலி. இரண்டாம் வரியில் இடக்கை ஒரு கட்டை தவறிற்று. நின்றுவிடுவாளோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் நிற்கவில்லை, அடுத்த அடியில் போய்ச் சேர்ந்துகொண்டாள். யாரும் கைதட்டவில்லை, வழிபாட்டில் கைதட்டுவதில்லை அல்லவா? வகுப்புகளுக்குப் போகும் வரிசையில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் அந்தக் கருவியின் அருகில் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அலமாரியின் சாவி இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறது. நாள்தோறும் பன்னிரண்டரைக்கு நோட்டில் கையெழுத்திட்டு வாங்கி வருகிறேன். ஒன்று பத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.